வாழ்வின் நோக்கத்தை எழுதி வைத்தல்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில், புதுச்சேரியில், செய்யப்பெற்ற உபந்நியாசம்)



தங்கள் முன்னிலையில் நான் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம், ஒவ்வொருவரும் தமது வாழ்வின் நோக்கம் இன்னதென்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுதல் என்பதாகும். இது மேல்நாட்டாரிடமிருந்து வந்த புதுப் பழக்கம் என்றும், பெரிய கம்பெனிகளில் உத்தியோகம் பார்ப்பவர்களுக்கே உரியதென்றும் சிலர் எண்ணக்கூடும். ஆயினும் சற்று நிதானித்துப் பார்த்தால் இதன் வேர் நம்முடைய வீடுகளிலேயே இருப்பது விளங்கும். ஒரு பூஜையோ விரதமோ தொடங்குவதற்கு முன் சங்கற்பம் செய்துகொள்ளுகிறோமல்லவா? இன்ன தேசத்தில், இன்ன நாளில், இன்ன பெயருடைய நான், இன்ன பயனைக் கருதி இதைச் செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிய பின்னரே காரியம் தொடங்குகிறது. ஒரு நாழிகையில் முடியும் பூஜைக்கே இத்தனை முன்னுரை வேண்டியிருக்க, அறுபது எழுபது ஆண்டு நடக்கும் வாழ்வை மாத்திரம் சங்கற்பமின்றித் தொடங்கி, சங்கற்பமின்றியே முடித்துவிடுகிறோம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சொத்துடையவர்கள் வயது முதிர்ந்ததும் உயில் எழுதுகிறார்கள். மனைக்கட்டு யாருக்கு, கடைச்சரக்கு யாருக்கு, நகை யாருக்கு என்று சாட்சிகளை வைத்துத் திட்டமாய் எழுதிப் பதிவு செய்கிறார்கள். நாம் இறந்த பின் நமது பொருள் என்னவாக வேண்டுமென்பதற்கு இவ்வளவு கவலை எடுத்துக்கொள்ளும் நாம், உயிருடன் இருக்கையில் நமது ஆயுள் என்னவாக வேண்டுமென்பதை ஒரு வரியேனும் எழுதுவதில்லை. பொருளை இழந்தால் மீண்டும் தேடலாம். கழிந்த ஆண்டைத் தேடிப் பெற்றவர் எவருமில்லை.

இவ்வூரில் எழுத்தின் பலம்

எழுதிய தாள் ஒன்று குடும்பத்தின் போக்கையே மாற்றிவிடும் என்பதைப் புதுச்சேரி மக்களுக்கு வேறொருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இவ்வூர் அதை இருமுறை கண்டிருக்கிறது.

1881-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 21-ஆம் தேதியன்று பிரெஞ்சு அரசாங்கம் ஒரு கட்டளை பிறப்பித்தது. அதன்படி, இருபத்தொரு வயது நிரம்பிய இந்தியர் எவரும், எந்த ஜாதியாராயினும் எந்த மதத்தாராயினும், தமது ஜாதி மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்திற்கு உட்படுவதாக அதிகாரியின் முன் எழுத்து மூலம் அறிவிக்கலாம். அப்போது தமக்கென ஒரு குடும்பப் பெயரையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அவ்வாறு செய்தவர்களையே இவ்வூரார் ரெனோன்சான் என்று வழங்கினர். அவர்களுக்கு முன்னணியில் நின்ற வக்கீல் பொன்னுத்தம்பி பிள்ளை, லாப்போர்த் என்ற பெயரை ஏற்றார். பிரெஞ்சு மொழியில் அதற்கு வாயில் என்று பொருள். அத்துறவு நல்லதா அல்லதா என்று ஆராய்வது இன்றைய விஷயமன்று. அக்கட்டளையிலிருந்த ஒரு நிபந்தனையை மாத்திரம் தங்கள் நினைவுக்குக் கொண்டுவருகிறேன்: ஒருமுறை துறந்தால் அதை மீட்க இயலாது, துறந்தவனோடு அவன் மனைவியும் மைனர் குழந்தைகளும் அச்சட்டத்திற்கு உட்பட்டவராவர்.

இரண்டாவது சந்தர்ப்பம் நம்மில் வயதானவர்கள் சிலருக்கு நேரிலேயே தெரிந்தது. 1956-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் தேதி கையொப்பமான உடன்படிக்கை 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 16-ஆம் தேதி அமுலுக்கு வந்தது. இப்பிரதேசத்தில் பிறந்து இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுப் பிரஜைகள் இந்தியப் பிரஜைகளாயினர்; பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்க விரும்பியவர்கள் ஆறு மாதத்திற்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டியிருந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்ட, மணமாகாத பிள்ளைகளின் பிரஜைத்துவம் தந்தையின் அறிவிப்பையே பின்பற்றியது. ஒரு தெருவில் அண்ணன் வீடு ஒரு தேசமாகவும் தம்பி வீடு வேறொரு தேசமாகவும் ஆனதற்கு, எழுதப்பட்டதும் எழுதப்படாததுமான ஒற்றைத் தாளே காரணமாயிற்று.

இவ்விரண்டு தாள்களும் ஒருவன் எந்தச் சட்டத்திற்கு, எந்தத் தேசத்திற்கு உரியவன் என்பதைக் கூறின. அவன் எதற்காக வாழ்கிறான் என்பதை அவை கேட்கவில்லை. சர்க்கார் காகிதம் எதுவும் அதைக் கேட்பதுமில்லை. அதை நாமே நம்மைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஆனால் அவற்றிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்றுண்டு. எழுதியவன் ஒருவன், கட்டுப்பட்டவர்கள் பலர். இதைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்ளுகிறேன்.

ஒரு சிறிய நோக்கம்

நோக்கம் என்றவுடன் தேசத்தை உயர்த்துதல், உலகைத் திருத்துதல் என்று பெரிதாய்ச் சொல்ல வேண்டுமோவென்று பலர் மலைக்கிறார்கள். அவர்களுக்கு இவ்வூரிலேயே ஒரு சமாதானம் இருக்கிறது. ரங்கப்பிள்ளை வீதியில் நாம் தினமும் நடக்கிறோம். அவ்வீதிக்குப் பெயர் தந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ஆம் ஆண்டில் சென்னையைச் சேர்ந்த பெரம்பூரில் பிறந்தவர். டூப்ளே கவர்னராயிருந்த காலத்தில் தலைமைத் துபாஷாக விளங்கியவர். அப்பதவி கிடைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, 1736-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், அவர் தினசரிக் குறிப்பு எழுதத் தொடங்கினார். தம் செவிக்கு எட்டும் செய்திகள், தாம் நேரில் பார்ப்பவை, துறைமுகத்திற்கு வந்து செல்லும் கப்பல்களின் விவரம், புதுமையாய் நிகழ்பவை ஆகிய இவற்றை எழுதப் போவதாகத் தொடக்கத்திலேயே சில வரிகளில் குறித்துக்கொண்டார்.

அவ்வளவே அவரது சங்கற்பம். அதில் ஆடம்பரம் சிறிதுமில்லை. மறுநாட் காலையில் செய்யக்கூடியது. செய்தோமா இல்லையா என்று அன்றிரவே தெரிந்துகொள்ளக்கூடியது. அச்சில வரிகளின்படி அவர் கால் நூற்றாண்டு காலம் குறிப்புகளைச் சேர்த்தார். வியாபாரமும், உத்தியோகமும், யுத்தமும், பகைவரின் சூழ்ச்சியும் நடுவே நடந்தன. 1761-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், இந்நகரம் ஆங்கிலேயரிடம் சரணடையுந் தறுவாயில், அவர் காலமானார். அவர் சேர்த்த செல்வம் எங்கே போயிற்றென்று இன்று ஒருவரும் கேட்பதில்லை. அவருடைய குறிப்புகளோ 1846-ஆம் ஆண்டில் கல்லுவா மோம்பிரோன் என்னும் பிரெஞ்சுக்காரரால் கண்டெடுக்கப்பட்டு, பின்னர் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு பாகங்களாக ஆங்கிலத்திலும் வெளியாயின. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியச் சரித்திரத்தை எழுதப் புகும் எவரும் அவரைத் தள்ளிவிட்டு எழுத முடியாது. நோக்கம் சிறிதாயிருப்பதில் குற்றமில்லை, தெளிவாயிருத்தல் வேண்டும்.

மனைவிக்கு எழுதிய கடிதம்

இனி, இவ்விஷயத்திற்கு மிகவும் நெருங்கிய திருஷ்டாந்தம் ஒன்றைச் சொல்லுகிறேன். அதன் எழுத்து இவ்வூரில் எழுதப்பட்டதன்று. எழுதியவர் தம் வாழ்வின் கடைசி நாற்பது ஆண்டுகளை இவ்வூரில் கழித்தார். ஸ்ரீ அரவிந்தரையே குறிப்பிடுகிறேன். அவருடைய மதக் கொள்கையைப் பற்றி இங்கே பேச வரவில்லை. அவர் தமது வாழ்வின் நோக்கத்தை எழுதிய முறையை மாத்திரம் பார்ப்போம்.

அரவிந்தர் பரோடா சமஸ்தானத்தில் உத்தியோகத்திலிருந்தபோது, 1901-ஆம் ஆண்டில், மிருணாளினி தேவி என்னும் அம்மையாரை மணந்தார். அம்மையாருக்கு அப்போது வயது பதினான்கு. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1905-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 30-ஆம் தேதியன்று, அவர் மனைவிக்கு வங்காளி மொழியில் ஒரு கடிதம் எழுதினார். தமக்கு மூன்று பைத்தியங்கள் இருப்பதாக அதில் கூறினார். தமக்குக் கிடைத்த கல்வியும் திறமையும் பொருளும் கடவுளுடையவை. குடும்பத்திற்கு அவசியமானதை மாத்திரம் எடுத்துக்கொண்டு மிகுதியை அவருக்கே திருப்பித் தரவேண்டும் என்பது முதலாவது. கடவுளை நேருக்கு நேர் காணவேண்டும் என்பது இரண்டாவது. தேசத்தை வயலும் வனமும் மலையுமாகக் காணாமல் தாயாகவே காண்பதும், அத்தாயின் துன்பத்தை நீக்குவதைக் கடமையாகக் கொள்வதும் மூன்றாவது.

இதுவரை சொன்னதில் அதிசயமில்லை. உயர்ந்த எண்ணங்களைச் சொல்லியவர்கள் பலருண்டு. அக்கடிதத்தில் வேறு இரண்டு அம்சங்கள் இருக்கின்றன. அவற்றின் பொருட்டே அதை இங்கே எடுத்தேன்.

ஒன்று, அவர் கணக்கைக் காட்டினார். கடவுளுக்கு இதுவரை தாம் கொடுத்தது இரண்டணா. தம் சுகத்திற்கு வைத்துக்கொண்டது பதினான்கணா என்று ஒளிக்காமல் எழுதினார். இனி எப்படியிருப்பேன் என்று சொல்லுமுன், இதுவரை எப்படியிருந்தேன் என்பதைத் தொகை போட்டுச் சொன்னார்.

மற்றொன்று, அவர் அதைத் தமது நோக்கத்தின் செலவில் பங்கு கொடுக்கவேண்டியவருக்கே எழுதினார். நண்பர்களுக்கோ பத்திரிகைக்கோ எழுதவில்லை. தமது வழியில் துணையாக வருவாயா, தடையாக நிற்பாயா என்று மனைவியைக் கேட்டார்.

அதன்பின் நடந்ததைத் தாங்கள் அறிவீர்கள். 1906-இல் பரோடா உத்தியோகத்தைத் துறந்து கல்கத்தா தேசியக் கல்லூரியின் முதல் பிரின்சிபாலானார். 1908-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் தேதி விடியற்காலையில் போலீசார் அவர் இல்லத்தில் நுழைந்து அவரைக் கைதுசெய்தபோது, மனைவிக்கு எழுதிய கடிதங்களையும் எடுத்துச் சென்றனர். மனைவிக்கு மாத்திரம் என்று எழுதப்பட்டது அலிப்பூர் வழக்கில் கோர்ட்டுக்கு வந்தது. சித்தரஞ்சன் தாஸ் அவருக்காக வாதாடினார்; 1909-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் தேதி விடுதலையானார். 1910-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 4-ஆம் தேதி டூப்ளே என்னும் கப்பலில் இந்நகரத்தில் வந்திறங்கி, சங்கரச் செட்டியார் வீட்டில் தங்கினார். அதன்பின் 1950-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 5-ஆம் தேதி காலமாகும்வரை இவ்வூரைவிட்டு அகலவில்லை. அவர் எழுதிய மூன்றையும் அவர் எவ்வளவு மெய்யாகக் கருதினார் என்பதற்கு அவர் வாழ்வே சாட்சி.

நிற்க. அக்கடிதத்தைப் பெற்றுக்கொண்டவரின் கதியும் நாம் கேட்கவேண்டியதே. கணவர் புதுச்சேரிக்கு வந்த பின் மிருணாளினி தேவி வங்காளத்திலேயே இருந்தார். 1918-ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவிய இன்புளுயென்சா சுரத்தால், அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில், கல்கத்தாவில் காலமானார். அவருக்கு வயது முப்பத்தொன்று. கணவர் புதுச்சேரிக்கு வந்த எட்டரை ஆண்டுகளில் அவர் இவ்வூரைக் காணவேயில்லை. கணவரின் நோக்கம் உலகப் பிரசித்தமாயிற்று. மனைவியின் நோக்கம் என்னவென்று உலகம் கேட்கவில்லை. துணையாக வருவாயா என்று கேட்டவரைப் போற்றுவது நியாயமே. பதினெட்டு வயதுப் பெண், ஊரும் உறவும் வகுத்த நிலையில், அதற்கு வேறு என்ன விடை சொல்லியிருக்க முடியும் என்பதையும் எண்ணிப் பார்ப்பது நியாயமே.

பெரியோர் ஒருவரைக் குறை கூற இதைச் சொல்லவில்லை. நமக்குப் பிரயோஜனமான உண்மை இதிலிருக்கிறது. ஒருவர் தமது வாழ்வின் நோக்கத்தை எழுதுந் தாளில், அவர் அறிந்தோ அறியாமலோ, அவருடைய வீட்டாரின் வாழ்வும் எழுதப்பட்டுவிடுகிறது. 1881-ஆம் ஆண்டுத் தாளில் சட்டமே அப்படிச் செய்தது. நம் வீட்டுத் தாள்களில் பழக்கம் அப்படிச் செய்கிறது.

நம் வீடுகளின் நிலை

நம் சமூகத்தில் நடப்பதைப் பாருங்கள். தகப்பனார் எழுதாமலே ஒரு நோக்கத்தை வைத்திருக்கிறார்: மகன் எஞ்சினீயராக வேண்டும், அல்லது பிரான்சுக்குப் போகவேண்டும்; மகளுக்கு இன்ன வயதில் விவாகமாக வேண்டும்; மாடிவீடு கட்டவேண்டும். இவற்றில் கெட்டது ஒன்றுமில்லை. ஆனால் அது யாருடைய நோக்கம்? கடன் தவணையைக் கட்டப்போகிறவன் மகன். நான்கு ஆண்டு படிக்கப்போகிறவனும் அவனே. அவனை ஒருநாளும் உட்காரவைத்துக் கேட்டதில்லை. மகளையோ கேட்கவேண்டும் என்ற எண்ணமே தோன்றுவதில்லை. வீட்டுத்தாய்மார்கள் முப்பது ஆண்டுகளாகப் பிறருடைய நோக்கத்திற்குச் சமைத்துப் போட்டுவருகிறார்கள். நோக்கங்கள் எழுதப்படாதிருப்பதனால், அவற்றின் செலவைத் தாங்குகிறவர்களும் கணக்கில் சேராமலே போகிறார்கள். எழுதினால் அது கண்ணுக்குத் தெரியும். எழுதவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு முதற் காரணம் இதுவே.

எழுதும் விதம்

எப்படி எழுதுவது என்பதைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதலாவதாக, கணக்கு. நோக்கத்தை எழுதுமுன், சென்ற ஓராண்டை எழுதுங்கள். அணா வழக்கொழிந்து பல ஆண்டுகளாயின. ஆயினும் பதினாறணாக் கணக்கு நம்மவர்க்கு இன்னும் விளங்கும். சென்ற ஆண்டின் வருமானத்தையும் ஓய்வு நேரத்தையும் தனித்தனியே பதினாறு பங்காக வைத்து, எது எங்கே சென்றதென்று குறியுங்கள். கைப்பேசிக்கு எத்தனை அணா, குழந்தைகளுக்கு எத்தனை அணா என்று எழுதும்போது, தமது மெய்யான நோக்கம் எதுவாக இருந்துவந்ததென்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்துவிடும்.

இரண்டாவதாக, நோக்கம். ஐந்து வரிகளுக்கு மேற்படாதிருக்கட்டும். ‘நல்லவனாக வாழ்வேன்’ என்பது போன்ற வாக்கியத்தை விலக்குங்கள். அதை மீறினோமா என்று எவராலும் சொல்ல முடியாது. ‘என் தம்பியின் பிள்ளைகள் இருவரும் படிப்பை முடிக்கும்வரை அவர்களுக்கு நான் பொறுப்பு’, ‘பட்டறையில் கற்ற தொழிலை ஆண்டுதோறும் ஒரு பையனுக்குக் கற்றுக்கொடுப்பேன்’ என்று எழுதினால் அது நோக்கம். ஆனந்தரங்கப் பிள்ளையின் சங்கற்பம்போல, நாளைக் காலையில் தொடங்கக்கூடியதாயிருக்க வேண்டும்.

மூன்றாவதாக, விலை. இந்நோக்கத்திற்காக எதை விடுவேன் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த விலையில் எவ்வளவு நான் கொடுப்பது, எவ்வளவு என் வீட்டார் கொடுப்பது என்றும் எழுதுங்கள். இந்த ஒரு வரிதான் எழுதுவதற்குக் கடினமானது. இதை எழுதாத தாள் பாதித் தாளே.

நான்காவதாக, வாசித்துக்காட்டுதல். கையொப்பமிடுமுன் வீட்டிலுள்ளவர்களுக்கு வாசித்துக்காட்டுங்கள். அவர்கள் வேண்டாமென்றால் உடனே கிழித்துவிட வேண்டும் என்று சொல்லவில்லை. அவர்கள் மறுத்துப் பேசுவதற்கு உண்மையான இடம் கொடுங்கள். தலையசைப்பைச் சம்மதமென்று கொள்ளாதீர்கள். மனைவியும் தமது தாளைத் தாமே எழுதட்டும். அதைக் கணவர் கேட்கட்டும். பதினாறு வயதைக் கடந்த பிள்ளைகள் தமக்கென்று தனியே எழுதட்டும். பெற்றோர் திருத்தம் போடவேண்டாம். தாள்கள் ஒன்றோடொன்று முரண்பட்டால் அஞ்சவேண்டாம். முரண் முன்னரே வீட்டில் இருந்தது. இப்போது மேஜையின்மேல் வந்திருக்கிறது.

ஐந்தாவதாக, மறுபார்வை. 1881-ஆம் ஆண்டு அறிவிப்பு மீட்க முடியாதது. நமது தாள் அப்படிப்பட்டதன்று. சித்திரை முதல்நாள் புதுக்கணக்கு எழுதும்போது இதையும் எடுத்துப் படித்து, வேண்டியதைத் திருத்துங்கள். பழைய தாளை எறிந்துவிடாமல் பெட்டியில் வைத்திருங்கள்.

சில ஆட்சேபங்கள்

எல்லாம் விதிப்படி நடக்கும்; எழுதி என்ன பயன் என்பார் உண்டு. அவர்களே வியாபாரக் கணக்கைத் தவறாமல் எழுதுகிறார்கள். விதி அங்கே தடையாய் நிற்பதில்லை. நாளைக் கஞ்சிக்கு உழைப்பவனுக்கு நோக்கம் எதற்கு என்பார் உண்டு. அவனுக்கே அது மிகவும் வேண்டும். பதினாறணாவும் சொற்பமாயிருப்பவன் ஓரணாவையும் வீணாக்க முடியாது. ‘எனக்கு வயதாகிவிட்டது’ என்று சொல்லும் பெரியோர்களுக்கு விண்ணப்பம்: தாங்கள் எழுதாவிட்டாலும் தங்கள் பேரப்பிள்ளைகள் எழுதுவதைக் கேட்டருளுங்கள். தங்கள் சொல் அந்த வீட்டில் கடைசிச் சொல்லாயிருப்பதனால், தங்கள் மௌனமும் அவர்களுக்குப் பெரிய உபகாரமாகும்.

இத்தாள்களைச் சங்கத்தில் சேர்ப்பிக்கவேண்டும் என்றோ, இப்பத்திரிகையில் அச்சிடவேண்டும் என்றோ நான் கோரவில்லை. அவை வீட்டுப் பெட்டிக்கு உரியவை. சங்கம் ஒன்றைச் செய்யலாம்: கல்வி உதவி கேட்டுவரும் மாணவனையும் மாணவியையும், மதிப்பெண்ணைக் கேட்பதோடு, இப்படிப்பை விரும்பியது நீயா, உன் வீட்டாரா என்றும் அன்புடன் கேட்கலாம். விடை எதுவாயினும் உதவி குறையவேண்டாம். கேட்கப்பட்டோம் என்ற நினைவு அப்பிள்ளைக்கு நெடுநாள் துணைநிற்கும்.

இன்றிரவு உணவான பின், வீட்டில் ஒரு தாளும் பேனாவும் எடுத்து வையுங்கள். முதலில் யார் எழுதுவது என்ற பேச்சு வந்தால், இதுவரை எவரும் கேட்டிராதவர் யாரோ அவர் கையில் பேனாவைக் கொடுங்கள்.